விலை குறைந்த வெல்டிங் மெஷினும் பிளாஸ்மா கட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி துவாக்குடி பக்கம் கேட், கிரில், ஷெட் வேலை செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. சுற்றியுள்ள பெரிய பட்டறைகளில் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) நிறுவனத்துக்காகப் பாய்லர் பாகங்கள் செய்கிறார்கள். அங்கே ஓடுவதெல்லாம் லட்சத்தில் விலை போகிற மெஷின்கள். எங்களிடம் இருப்பது மூன்று மலிவு இன்வெர்ட்டர் மெஷின், கேஸ் இல்லாத மிக் (ராடுக்குப் பதில் வயர் தானாக வந்து உருகும் மெஷின்) ஒன்று, 40 ஆம்ப் பிளாஸ்மா கட்டர் ஒன்று. இவற்றைப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரர்கள், ஐடிஐ முடித்த பையன்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறாயிரம் ரூபாய்க்கு வெல்டிங் மெஷின் விக்கிறாங்களே, அது உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். வீட்டு கேட், கிரில், கோழிக்கூண்டு, டிராக்டர் கலப்பையில் விட்டுப்போன இணைப்பு, சின்ன ஷெட் இவற்றுக்கெல்லாம் தாராளமாகப் போதும். எங்களுடைய முதல் மெஷின் அந்த விலையில் வாங்கியதுதான். ஐந்து வருடம் தினமும் ஓடியது.

ஆனால் மெஷின் சரியில்லை என்று எங்களிடம் தூக்கி வந்தவற்றில் பாதிக்கு மேல் மெஷினில் குறையே இல்லை. அதற்குள் போகும் கரண்ட் போதவில்லை, அல்லது எர்த் கிளாம்ப் (வேலை செய்யும் இரும்பில் மாட்டும் கவ்வி) சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பெட்டியில் போட்ட ஆம்ப் எண்ணை நம்பி அளவுக்கு மீறிய ராடு (உருகி இணைப்பாகும் வெல்டிங் குச்சி) போட்டிருந்தார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த மூன்றைப் பற்றித்தான்.

பழைய மெஷினைத் தூக்க நாலு ஆள் வேணும். இது லஞ்ச் பாக்ஸ் மாதிரி இருக்கு. உள்ள என்னதான் இருக்கு?

பழைய மெஷினில் இருப்பது 50 ஹெர்ட்ஸில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர். அந்தக் குறைந்த வேகத்துக்கு நிறைய இரும்பும் செம்பும் தேவை, அதனால்தான் அந்த எடை. இன்வெர்ட்டர் மெஷின் வீட்டுக் கரண்டை முதலில் டிசியாக்கி, ஐஜிபிடி அல்லது மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகளால் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சின்னதானால் போதும். எடை குறைந்ததற்குக் காரணம் இதுதான், உள்ளே எதையும் திருடிவிடவில்லை.

வெளியே வருவது டிசி என்பதால் ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) நடுங்காமல் நிற்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. இதன் பலவீனம் தூசியும் ஈரமும். அதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் சொல்கிறேன்.

பெட்டியில 250 ஆம்ப்னு போட்டிருக்கு. 200 ஆம்ப் மெஷினைவிட இதுதானே நல்லது?

பெட்டியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். கையால் ராடு பிடித்து வெல்டிங் செய்யும்போது ஆர்க்குக்கு வேண்டிய வோல்டேஜுக்கு உலகம் முழுக்க ஒரே விதி: 20 உடன், ஆம்பை 0.04 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 250 ஆம்புக்கு 30 வோல்ட். அதாவது 7,500 வாட் வெளியே வர வேண்டும். மெஷினில் போகும் நஷ்டத்தையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்ட் முழுவதும் வேலையாக மாறாத கணக்கு) சேர்த்தால் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 50 ஆம்புக்கு மேல் இழுக்கும். அந்த மெஷினோடு கொடுத்திருக்கும் வயரைப் பாருங்கள், விரல் பருமன்கூட இருக்காது. அப்படியானால் அந்த 250 எங்கிருந்து வரும்?

பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை ஆம்பில், எத்தனை சதவீதம் (டியூட்டி சைக்கிள், கீழே வருகிறது), எவ்வளவு இழுப்பு என்று மூன்றும் ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்த மெஷினைக் கொஞ்சம் நம்பலாம். தகடே இல்லை, ஆம்ப் எண் மட்டும் பெரிதாக இருக்கிறது என்றால் வேண்டாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ள கடையில், ராடு எரியும்போது கேபிளைச் சுற்றிப் பிடித்து அளந்து காட்டச் சொல்லுங்கள். நான் அளந்த ஒரு 200 ஆம்ப் மெஷின் முழுசாகத் திருப்பினாலும் 145-ஐத் தாண்டவில்லை. அதனால் என்ன, 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 145 போதுமே. உண்மையான 140 ஆம்ப் எந்த கேட் வேலைக்கும் போதும். எனக்குக் கோபம் எல்லாம் பொய்யான எண்ணைப் போட்டு விற்பதில்தான்.

வீட்டு 15 ஆம்ப் பிளக்குல போடலாமா? அடிக்கடி எம்சிபி விழுந்துடுது.

2.5 ராடுக்குப் போடலாம். 80 ஆம்பில் எரித்தால் மெஷின் சுமார் 14 ஆம்ப் இழுக்கும். 3.15 ராடை 110 ஆம்பில் எரித்தால் 20 ஆம்பைத் தொடும். 16 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு விழும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

எம்சிபியை மட்டும் 32 ஆக மாற்றிவிட்டு வயரை அப்படியே விடுவது வீட்டைக் கொளுத்துகிற வேலை. சுவருக்குள் ஓடுவது 1.5 அல்லது 2.5 ஸ்கொயர் எம்எம் வயராக இருக்கும், சூடாவது வெளியே தெரியாது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுத்து, தனி எம்சிபி, தனி இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வீட்டு இணைப்பில் சொந்த வேலை பார்க்கலாம். கூலிக்கு வேலை எடுத்தால் இணைப்பின் கட்டண வகையை மாற்ற வேண்டும்.

தோட்டத்துல ஒட்டவே மாட்டேங்குது, கடையில நல்லா ஓடுச்சே. மெஷின் கெட்டுப்போச்சா?

எந்த வயரில் இழுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் டேபிள் ஃபேனுக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷனாக இருக்கும். 1 ஸ்கொயர் எம்எம் வயரை 30 மீட்டர் இழுத்து 20 ஆம்ப் எடுத்தால், போக வர 60 மீட்டரில் 20 வோல்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். தோட்டத்தில் ஏற்கெனவே 200 வோல்ட்தான் என்றால் மெஷினுக்குக் கிடைப்பது 180-க்கும் கீழே. அதே தூரத்துக்கு 2.5 வயர் போட்டால் நஷ்டம் 9 வோல்ட் அளவில் நின்றுவிடும், 4 போட்டால் இன்னும் குறையும். வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சுருளின் நடுவே சூடு ஏறி உறை உருகும்.

வாங்கும்போது 5 மீட்டர் வெல்டிங் கேபிளோடு கொடுத்திருப்பார்கள், அதுவும் பல சமயம் செம்பு பூசிய அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். முடிந்தபோது செம்பு கேபிளாக மாற்றுங்கள். எர்த் கிளாம்ப்பையும் கூடவே மாற்றிவிடுங்கள். கொடுத்திருப்பது தகரக் கவ்விதான். பெயின்ட் மேல் கவ்வவிட்டு மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர். கவ்வும் இடத்தை கிரைண்டரால் ஒரு தடவை உரசி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு பிடியுங்கள்.

வீட்டு யுபிஎஸ்ல ஓடுமா? ஜெனரேட்டர்ல?

வீட்டு யுபிஎஸ்ஸில் ஓடாது. ஜெனரேட்டர் என்றால் 2.5 ராடுக்கு 5 கேவிஏ, 3.15-க்கு 7 கேவிஏ வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் முழு வேகத்துக்கு வந்த பிறகு மெஷினை ஆன் செய்து, ஜெனரேட்டரை நிறுத்தும் முன் மெஷினை ஆஃப் செய்யுங்கள்.

பத்து நிமிஷம்கூட ஆகல, மஞ்சள் லைட் எரிஞ்சு நின்னுடுது. ஏன்?

டியூட்டி சைக்கிள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஆர்க் எரியலாம் என்பதற்கான கணக்கு. 200 ஆம்ப், 30 சதவீதம் என்றால் அந்த ஆம்பில் மூன்று நிமிடம் எரிக்கலாம், ஏழு நிமிடம் ஆற விட வேண்டும். ஆம்பைக் குறைத்தால் நேரம் கூடும்: அதே மெஷின் சுமார் 140 ஆம்பில் 60 சதவீதமும், 110 ஆம்பில் நிற்காமலும் ஓடும். ராடு மாற்றுவது, ஸ்லாக் (வெல்ட் மேல் படியும் ஓடு) தட்டுவது, அடுத்த பைப்பை நிறுத்துவது என்று இடைவெளி தானாகவே வருவதால் கேட் வேலையில் இது பெரிதாகத் தெரியாது.

ஆனால் அந்தச் சதவீதம் 40 டிகிரி சூட்டுக்குக் கணக்கிட்டது. மே மாதம் திருச்சியில் தகரக் கூரைக்குக் கீழே 40 எல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். மெஷினை வெயிலில் வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். லைட் எரிந்தால் சுவிட்சை அணைக்காமல் விடுங்கள், ஃபேன் ஓடினால்தான் ஆறும்.

எந்த ராடு வாங்கணும்? என் ராடு ஒட்டிக்கிட்டே இருக்கு.

6013 வகை ராடில் தொடங்குங்கள். 2.5-க்கு 60 முதல் 90 ஆம்ப், 3.15-க்கு 90 முதல் 130, 4-க்கு 140 முதல் 180. ஒட்டிக்கொண்டால் முதலில் பத்து ஆம்ப் ஏற்றிப் பாருங்கள், அடுத்து எர்த் கிளாம்ப். அப்புறம் ராடு ஈரமா என்று பாருங்கள். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த பாக்கெட்டில் நல்ல ராடும் தகராறு செய்யும். மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

7018 வலுவான இணைப்புக்கு உரிய ராடு. பிளஸ்ஸில் ஹோல்டரை (ராடு பிடிக்கும் கைப்பிடி) மாட்டி எரிக்க வேண்டும், ஈரம் ஆகவே ஆகாது. மலிவு மெஷினிலும் நன்றாக எரியும், திரும்பப் பற்றவைப்பதுதான் கொஞ்சம் பழக வேண்டும். 6010-ஐ இந்த மெஷின்களில் எரிக்கப் பார்க்காதீர்கள், பெரும்பாலானவற்றில் ஆர்க் அணைந்து அணைந்து போகும்.

மெல்லிசு பைப்புல வச்ச உடனே ஓட்டை விழுது. மெஷின் குறையா?

மெல்லிசு பைப் என்று இங்கே சொல்வது 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் பருமன். ராடு வெல்டிங்கில் இது கடினமான வேலை. மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை. 2 மில்லிமீட்டர் ராடு தேடி வாங்குங்கள், 40 முதல் 50 ஆம்ப். ஹோல்டரை மைனஸ் பக்கம் மாட்டுங்கள். 6013 ராடு அதற்கு ஒத்துவரும், ஊடுருவல் குறையும். ஒரே இழுப்பாக ஓட்டாமல் ஒரு புள்ளி வைத்து, சிவப்பு மங்கியதும் அடுத்த புள்ளி. இரண்டு பைப்புக்கும் நடுவே இடைவெளி விடாமல் வெட்டியிருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. தினமும் 18 கேஜ்தான் வேலை என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேஸ் இல்லாத மிக் மெஷின் நல்லதா? தெறிப்பு தாங்கல.

நல்லதுதான். வயருக்குள்ளேயே ஃபிளக்ஸ் (உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் பொடி) இருப்பதால் சிலிண்டர் வேண்டாம், காற்றடிக்கிற இடத்திலும் ஓடும், மெல்லிய பைப்புக்கு ராடைவிட எளிது. ஆனால் தெறிப்பு என்று சொன்னவர்களில் பலர் துருவத்தை மாற்றவே இல்லை. ஃபிளக்ஸ் வயருக்கு டார்ச் மைனஸிலும் எர்த் பிளஸ்ஸிலும் இருக்க வேண்டும். கேஸோடு சாதாரண வயர் ஓட்டும்போதுதான் டார்ச் பிளஸ். மெஷினின் கதவைத் திறந்தால் உள்ளேயோ முன்பக்கமோ மாற்றும் இணைப்பு இருக்கும்.

வயர் விலை ராடைவிட அதிகம், புகையும் அதிகம். நாள் முழுக்க ஓட்டுகிற பட்டறைக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துக்கொள்வதே லாபம்.

பிளாஸ்மா கட்டர் வாங்கலாமா, கட்டிங் வீலே போதுமா?

கேட், கிரில் மட்டும் செய்பவருக்குக் கட்டிங் வீல் போதும். ஷீட்டில் வளைவு வெட்டுகிறீர்கள், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம் வருகிறது என்றால் பிளாஸ்மா ஒரு வரம். கேஸ் கட்டிங்கில் இந்த இரண்டையும் வெட்ட முடியாது. அங்கே இரும்பு ஆக்சிஜனில் எரிந்துதான் பிளவு விழுகிறது, எஸ்எஸ்ஸும் அலுமினியமும் அப்படி எரியாது. பிளாஸ்மாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கரண்ட் கடத்தும் எந்த உலோகத்தையும் உருக்கி ஊதித் தள்ளிவிடும்.

40 ஆம்ப் மெஷின் 8 மில்லிமீட்டர் வரை சுத்தமாக வெட்டும், 10 வரை நிதானமாக வெட்டும். விளம்பரத்தில் சொல்லும் பெரிய எண், தகடு இரண்டாகப் பிரியும் அளவு. ஓரம் எப்படி இருக்கும் என்பதல்ல. வாங்கும்போது பைலட் ஆர்க் உள்ளதாக வாங்குங்கள். அது இல்லாதவற்றில் நாசில் (டார்ச்சின் வாய்) இரும்பைத் தொட்டால்தான் ஆர்க் வரும், பெயின்ட் அடித்த துருப்பிடித்த தகட்டில் திண்டாடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ராடு மெஷினில் சும்மா இருக்கும்போது முனையில் 60, 70 வோல்ட் அளவுதான். பிளாஸ்மாவில் 200 வோல்டுக்கு மேல். சுவிட்சை அணைக்காமல் டார்ச் முனையைக் கழற்றவே கூடாது.

என்கிட்ட இருக்கிற சின்ன கம்ப்ரஸர் பிளாஸ்மாவுக்குப் போதுமா?

இந்தக் கேள்வியில்தான் பலருடைய பணம் வீணாகிறது. 40 ஆம்ப் டார்ச்சுக்கு 5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். கம்ப்ரஸர் மேல் எழுதியிருக்கும் எண் பிஸ்டன் இழுக்கும் காற்று. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். 1 ஹெச்பி, 25 லிட்டர் டாங்க் என்றால் ஒன்றரை நிமிடம் வெட்டுவதற்குள் அழுத்தம் 5-க்குக் கீழே இறங்கிவிடும். துண்டு துண்டாக வெட்டி, காத்திருந்து, மறுபடி வெட்டலாம். தொடர்ந்து வெட்ட வேண்டுமானால் 2 ஹெச்பி, 100 லிட்டர் டாங்க் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வீட்டு இணைப்பில் ஒன்றாக ஓட்டுமுன் எம்சிபி பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவைவிட முக்கியம் ஈரம். அமுக்கிய காற்று ஆறும்போது தண்ணீர் விடும். தினமும் மாலையில் டாங்க்கின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள், மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள். மெஷினோடு வரும் கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் மட்டும் போதாது. கம்ப்ரஸரிலிருந்து சில மீட்டர் இரும்புக் குழாயில் காற்றை ஆற விட்டு, பின் ஃபில்டர், அதற்கப்புறம் சிலிக்கா ஜெல் டப்பா, கடைசியில் மெஷின்.

பிளாஸ்மா டிப்பு சீக்கிரம் போயிடுது. ஒரு செட் ரெண்டு நாள்கூட வரல.

முதல் காரணம் மேலே சொன்ன ஈரம். இரண்டாவது, வெறும் காற்றில் டார்ச்சை அழுத்திப் பார்ப்பது. டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒரு புள்ளி அளவு பதித்திருக்கும். ஒவ்வொரு தடவை ஆர்க் பற்றும்போதும் அது கொஞ்சம் தேயும். அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்ததும் மாற்றிவிடுங்கள். இன்னும் ஓடும் என்று விட்டால் நாசிலும் டார்ச் தலையும் சேர்ந்து போகும்.

தகட்டின் நடுவில் துளை போடும்போது நேராகப் பிடித்தால் உருகிய இரும்பு திரும்பி நாசிலில் அடிக்கும். சாய்த்துப் பிடித்துத் தொடங்கி, பொறி கீழே இறங்கியதும் நிமிர்த்துங்கள். வெட்டி முடித்ததும் காற்று தானாக நிற்கும்வரை மெயினை அணைக்காதீர்கள், அதுதான் முனையை ஆற்றுகிறது.

ஆயிரம் ரூபாய் ஆட்டோ டார்க் ஹெல்மெட் போட்டா கண்ணு போயிடும்னு சொல்றாங்களே?

ஆர்க் பற்றியதும் தானாகக் கறுக்கும் கண்ணாடி கறுக்காமல் போனாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி அதில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதுதான் தரவிதி. தரக்குறியீடு அச்சிட்ட கண்ணாடியாகப் பார்த்து வாங்கினால் பேட்டரி தீர்ந்தாலும் கண் கூசும், வெந்துபோகாது. கறுப்பின் அளவை (ஷேடு) 2.5 ராடுக்கு 10, 3.15-க்கு 11 என்று வைத்துப் பழகுங்கள். கையில் பிடிக்கும் ஷீல்டை வைத்துக்கொண்டு டேக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) போடும்போது கண்ணை மட்டும் மூடிக்கொள்வதுதான் உண்மையில் கண்ணைக் கெடுக்கிறது.

இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தினால் அது ஆர்க் வெளிச்சம் பட்டதன் விளைவு, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் விழி ஆறாது.

ஜிஐ பைப் வெல்ட் பண்ணா காய்ச்சல் வருது. பால் குடிச்சா சரியாயிடுமா?

சரியாகாது. ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையால் வரும் காய்ச்சல் அது, பெரும்பாலும் ஒரு நாளில் தானாக இறங்கிவிடும். பாலும் வாழைப்பழமும் வெல்லமும் வயிற்றுக்குப் போகின்றன, புகை போவது நுரையீரலுக்கு. எங்கள் அப்பா காலத்தில் எல்லோரும் நம்பியது என்பதால் இதைச் சொல்லும்போது சிலர் வருத்தப்படுகிறார்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இணைக்கும் இடத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அப்போதும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள், புகைக்கு மேல் குனியாதீர்கள். எஸ்எஸ்ஸை பிளாஸ்மாவில் வெட்டும்போது வரும் புகை இதைவிட மோசம், அதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்த இரும்பில் ஆர்க் அடிக்கவே அடிக்காதீர்கள், குளோரின் உள்ள கிளீனராக இருந்தால் உயிரைப் பறிக்கும் வாயு உண்டாகும்.

மெஷின் செத்துப்போச்சு. ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா?

ஃபேன், சுவிட்ச், ஆம்ப் திருப்பும் குமிழ் இவை போயிருந்தால் சில நூறு ரூபாயில் முடியும். பவர் போர்டில் ஐஜிபிடி வெடித்திருந்தால் யோசிக்க வேண்டும்; அதை ஓட்டும் சின்னப் பாகங்களும் சேர்ந்து போயிருக்கும், அதைப் பார்க்காமல் மாற்றினால் புதியதும் வெடிக்கும். எங்களுடைய ஒரு மெஷின் இப்படி மூன்று தடவை கடைக்குப் போய் வந்தது, அந்தச் செலவில் புதிதே வாங்கியிருக்கலாம். அதனால் வாங்குமுன் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் போர்டு கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டாயிரம் கூடக் கொடுத்து, சர்வீஸ் பக்கத்தில் உள்ள பிராண்டை எடுப்பது நல்லது.

செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் கிரைண்டர் தூசி. அது இரும்புத் தூள், ஃபேன் அதை உள்ளே இழுத்துப் போர்டில் அப்பிவிடும், ஈரமும் சேர்ந்தால் ஷார்ட். கிரைண்டிங் செய்யும் பக்கம் மெஷினை வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றி, கால் மணி நேரம் விட்டு, மூடியைத் திறந்து, காய்ந்த காற்றை மெதுவாக ஊதுங்கள். கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், விரலை உள்ளே விடாதீர்கள்.

இந்த மெஷின்ல டிராக்டர் ட்ரெய்லர் கொக்கி, மாடிப்படி எல்லாம் பண்ணலாமா?

மெஷினால் முடியும். 10 மில்லிமீட்டர் தகட்டை ஓரம் சாய்த்துத் தேய்த்து, 7018 ராடில் பல அடுக்காகப் போட்டால் இந்த மெஷின் கொடுக்கும் வெல்டும் விலையுயர்ந்த மெஷின் கொடுக்கும் வெல்டும் ஒன்றுதான். ஆர்க்குக்கு விலை தெரியாது. கை பழகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மேலே அழகாக மீன் செதில் மாதிரி இருந்து, உள்ளே ஒட்டாமல் நிற்கும் வெல்டுகளை நான் உடைத்துப் பார்த்திருக்கிறேன்.

நீங்களும் உடைத்துப் பாருங்கள். அதே பருமனில் இரண்டு துண்டை டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் வெல்ட் செய்து, வைஸில் பிடித்து வெல்ட் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். மூலையில் இரும்பு உருகாமல் பழைய ஓரம் அப்படியே தெரிந்தாலோ, ஸ்லாக் கோடாகக் கிடந்தாலோ ட்ரெய்லர் கொக்கியைத் தொடாதீர்கள். வெல்ட் முழுசாகக் கிழிந்து சாம்பல் நிறத்தில் வந்தால், அல்லது கிழியாமல் மடங்கினால் ஓரளவு நம்பலாம். முறையாகக் கற்க வேண்டும் என்றால் 1975இல் திருச்சி பெல்லில் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி தருகிறது. ரோட்டில் ஓடும் ட்ரெய்லருக்குப் பின்னால் வேறு ஒருவர் பைக்கில் வருவார், அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் சோதனைத் துண்டு ஐந்தாவது தடவையும் சரியாக வந்த பிறகே என் பையனிடம் கொடுத்தேன்.